உலாவியில் இயங்கும் நிரல் எடிட்டரை மாணவர்களிடம் கொடுப்பதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

மாடக்குளம்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தரவு அறிவியல் ஆய்வறையைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். அதில் பலர் ஒரே சர்வரைப் பகிர உதவும் ஜூபிட்டர்ஹப்பை நிறுவி, மாணவர்கள் அவரவர் கணக்கில் நுழைந்து, நிரலையும் விடையையும் ஒரே ஆவணத்தில் வைக்கும் நோட்புக்குகளை ஜூபிட்டர்லேபில் திறந்து பைத்தான் எழுதும்படி இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. பிழை தேடும் வசதி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஆகிய மூன்றும் ஒரே திரையில் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ஆகையால் வி.எஸ். கோட் எடிட்டரை உலாவிக்குள் திறந்துதரும் கோட்-சர்வரை அதே சர்வரில் நிறுவி, ஜூபிட்டர் கணக்கிலிருந்தே வேறு செயலிகளைத் திறக்க உதவும் ஜூபிட்டர் சர்வர் பிராக்சி வழியாக அணுகும்படி அமைத்திருக்கிறேன்.

எங்கள் திட்டம் மதுரை மாவட்டத்துக் கண்மாய்களைப் பற்றியது. கண்மாயின் பெயர், ஊர், ஒன்றியம், மடைகளின் எண்ணிக்கை, பாசனம் பெறும் நிலத்தின் பரப்பு, கடைசியாக எந்த ஆண்டில் மறுகால் பாய்ந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்ன விவரம் ஆகியவற்றை மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று தமிழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பழைய பட்டியல் ஒன்றுடன் ஊர்ப்பெயரை வைத்து இணைக்க வேண்டும். பின்னர் வைகை அணையின் அன்றாட நீர்மட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

சர்வர் இருக்கும் மேசையிலேயே அமர்ந்து எடிட்டரை முதலில் நான் சோதித்தேன். கோப்பைத் திறந்தேன், நிரலை எழுதி இயக்கினேன், சேமித்தேன், நோட்புக்கில் வரைபடமும் வந்தது. குறை ஒன்றும் தென்படவில்லை. மறுநாள் ஆய்வறைக் கணினிகளில் மாணவர்களைத் திறக்கச் சொன்னபோது நிலைமை வேறாக இருந்தது. முதலாவதாக, புதிய எடிட்டரில் நோட்புக்கைத் திறந்தால் நிரல் தெரிகிறது, ஆனால் விடை வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. நகலெடுத்து ஒட்டுவதும் சில வேளைகளில் நடப்பதில்லை. அதே கணினியில், அதே நோட்புக்கை ஜூபிட்டர்லேபில் திறந்தால் விடைகள் முழுமையாகத் தெரிகின்றன.

இரண்டாவது குறைதான் என்னை மிகவும் குழப்புகிறது. இரண்டு பட்டியல்களையும் பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் இணைத்தபோது மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் எல்லாம் சரியாகப் பொருந்தின. சோழவந்தான், கோச்சடை, கொட்டாம்பட்டி ஆகியவை விடுபட்டுவிட்டன. எடிட்டரில் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் தேடல் பெட்டியில் சோழவந்தான் என்று தட்டச்சு செய்தால் ஒரு கோப்பில் கிடைக்கிறது, மற்றதில் கிடைப்பதில்லை. இது எடிட்டரின் குறையா, தரவின் குறையா?

மூன்றாவதாக, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கைப்பேசி இணைப்பின் மூலம் வேலை செய்த மாணவி ஒருவர், ஏறத்தாழ அரைமணி நேரம் ஓட வேண்டிய கணக்கைத் தொடங்கியிருக்கிறார். இடையில் இணைப்பு அறுந்து உலாவியை மறுபடியும் திறந்தபோது, பாதி விடை மட்டுமே பதிவாகியிருந்தது. கண்ட்ரோல் விசையுடன் டபிள்யூவை அழுத்திக் கோப்பை மூட முயன்று, உலாவித் தாளையே மூடிவிட்டவர்களும் உண்டு.

ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்குவதற்குள் முறையான ஒரு சோதனை அறிக்கையைத் துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். வசதிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஒவ்வொன்றுக்கும் குறியிட்டுக்கொண்டு போனால் போதாது என்பது மட்டும் எனக்குப் புரிந்திருக்கிறது. இத்தகைய எடிட்டரை ஆய்வறைகளில் நடத்தியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


தெப்பக்குளத் தெரு எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் முதல் குறைக்கான காரணம் உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. சர்வரின் மேசையில் நீங்கள் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் திறந்திருப்பீர்கள், மாணவர்கள் சர்வரின் ஐ.பி. எண்ணை எச்டிடிபி முகவரியாக இட்டுத் திறந்திருப்பார்கள். உலாவியின் பார்வையில் இவை இரண்டும் ஒன்றல்ல. எச்டிடிபிஎஸ் என்னும் மறைகுறி இணைப்பு வழியாக வரும் பக்கத்தையும் லோக்கல்ஹோஸ்ட்டையும் மட்டுமே அது பாதுகாப்பான சூழலாக ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்னும் வசதியும், நிரலின் வழியே நகலெடுத்து ஒட்டும் வசதியும் அந்தச் சூழலில் மட்டுமே கிடைக்கும். வி.எஸ். கோட் தன் நோட்புக் விடைகளை வெப்வியூ என்ற தனிச் சட்டத்துக்குள் காட்டுகிறது. அந்தச் சட்டத்துக்கு சர்வீஸ் வொர்க்கர் தேவை. ஜூபிட்டர்லேப் விடைகளைப் பக்கத்திலேயே நேரடியாக வரைவதால் அதற்கு இந்தத் தடை இல்லை. ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆகவே எச்டிடிபிஎஸ் அமைக்காமல் சோதனையைத் தொடர வேண்டாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழை நாமே கையொப்பமிட்டு வைத்துவிட்டு, உலாவி எச்சரிக்கும்போது தொடர்க என்று அழுத்தி உள்ளே போனால் எடிட்டர் திறக்கும், ஆனால் நம்பப்படாத சான்றிதழில் சர்வீஸ் வொர்க்கர் பதிவாகாது, விடைப் பகுதி அப்போதும் வெறுமையாகவே இருக்கும். உங்களுக்கென ஒரு சான்றிதழ் அதிகாரத்தை உருவாக்கி, அதன் வேர்ச் சான்றிதழை ஒவ்வொரு ஆய்வறைக் கணினியிலும் நிறுவலாம். கல்லூரிக்குச் சொந்தமான டொமைன் பெயர் இருந்தால், டிஎன்எஸ் (டொமைன் பெயர்ப் பதிவு) வழிச் சரிபார்ப்பின் மூலம், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் பெறலாம். சர்வர் வெளி இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டிய தேவை அதில் இல்லை. மாணவர்கள் வீட்டுக் கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வருவதால் நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். விடுபட்ட மூன்று ஊர்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள்: சோழவந்தான், கோச்சடை, கொட்டாம்பட்டி. மூன்றிலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் இருக்கிறது. பொருந்திய ஐந்து ஊர்களிலும் அது இல்லை. எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் (குறியெண்) தரும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. எழுத்துருவும் இரண்டையும் ஒரே வடிவமாகவே வரையும். ஆனால் பாண்டாஸின் இணைப்பும் எடிட்டரின் தேடலும் குறியெண்களையே ஒப்பிடுகின்றன. ஒற்றைக் குறியில் எழுதினால் சோழவந்தானுக்குப் பத்துக் குறியெண்கள், பிரித்து எழுதினால் பதினொன்று. பைத்தானில் இரண்டு சரங்களின் நீளத்தையும் கேட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

உங்கள் பழைய பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கம் ஒன்றிலிருந்து மாற்றப்பட்டது என்று ஊகிக்கிறேன். அந்தக் காலத்தில் கொம்பை முதலில் அடித்து, மெய்யை அடித்து, காலைப் பின்னால் அடிப்பார்கள். மாற்றி நிரல்களில் சில, கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்துவதோடு நின்றுவிட்டு, கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் விட்டுவிடும். தீர்வு எளியது. இரண்டு பட்டியல்களின் ஊர்ப்பெயர் நெடுவரிசையையும் இணைப்பதற்கு முன், கொம்பையும் காலையும் ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி என்னும் யூனிகோடு வடிவத்துக்கு ஒருமைப்படுத்துங்கள். பாண்டாஸின் சர முறைகளில் நார்மலைஸ் என்று அதற்கே ஒன்று இருக்கிறது. ஒரு செய்தியை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: பைத்தான் மாறிகளின் பெயர்களைத் தானே ஒருமைப்படுத்திக்கொள்ளும், மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தை அது தொடுவதில்லை. தமிழில் மாறிப்பெயர் வைத்துப் பழகியவர்கள் இரண்டும் ஒரே விதமாக நடக்கும் என்று எண்ணிவிடுவார்கள்.

எடிட்டரின் குறையா, தரவின் குறையா என்று கேட்டீர்கள். குறை தரவில் இருக்கிறது. ஆனால் கண்ணால் வேறுபடுத்த முடியாத ஒன்றை எடிட்டர் எப்படி நடத்துகிறது என்பது சோதிக்கப்பட வேண்டிய செய்தி. எனவே சோதனைக்கென்று ஒரு சிறு கோப்பைத் தயாரியுங்கள். மதுரை என்னும் சொல் அதில் இருக்கட்டும். எழுத்தாக எண்ணினால் அது மூன்று, குறியெண்ணாக ஐந்து, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள். ஓகாரம் இரு விதமாகவும் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்கள், ஸ்ரீ, க்ஷ, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று ஆகியவையும் இருக்கட்டும். கர்சர் உயிர்மெய்யின் நடுவில் போய் நிற்கிறதா, பின்னழிப்பு விசை ஓர் எழுத்தை நீக்குகிறதா அல்லது குறியை மட்டும் நீக்குகிறதா, தமிழ்99 முறையில் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது தானாக வரும் பரிந்துரைப் பட்டியல் குறுக்கிட்டு எழுத்தைக் கெடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டெர்மினலைத் தனியாகச் சோதியுங்கள். அது கட்டம் கட்டமாக எழுத்தை வைக்கும் அமைப்பு என்பதால் எங்களிடம் எடிட்டரில் அழகாகத் தெரிந்த தமிழ் டெர்மினலில் சிதைந்து தெரிந்தது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று மாணவர்கள் அஞ்சாமல் இருக்க, இதை முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

வரைபடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. எடிட்டரில் தெரியும் தமிழ் மாணவரின் கணினியிலுள்ள எழுத்துருவால் வரையப்படுகிறது. பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் வரையும் படமோ சர்வரிலேயே உருவாகி, படமாக வந்து சேர்கிறது. சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் ஊர்ப்பெயர்களுக்குப் பதில் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிய பின்னும், நாங்கள் பயன்படுத்தும் பதிப்பில், மேலூரின் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. குறிகளை இடம் மாற்றி இணைத்து வடிவமைக்கும் வேலையை அந்த வரைவுமுறை செய்வதில்லை. நாங்கள் ஊர்ப்பெயர் வரும் படங்களை மட்டும் பிளாட்லி என்னும் வேறொரு வரைபட நூலகத்துக்கு மாற்றிக்கொண்டோம். அதில் எழுத்தை உலாவி வரைவதால் கொம்பு அதன் இடத்தில் நின்றது.


மாடக்குளம்வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. மூன்று ஊர்களிலும் இருந்த ஓசையொற்றுமை என் கண்ணில் படவே இல்லை. நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னவாறே ஒன்றில் பத்தும் மற்றதில் பதினொன்றும் வந்தன. பழைய பட்டியல் உங்கள் ஊகப்படி வேறொரு குறியாக்கத்திலிருந்து மாற்றப்பட்டதுதான் என்று அதைக் கொடுத்தவரும் உறுதி செய்தார். எச்டிடிபிஎஸ் வேலையை இன்று தொடங்குகிறேன். இணைப்பு அறுபடும் சிக்கலைப் பற்றியும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.


இலந்தைக்குளம் சோதனையாளர் எழுதியது:

வணக்கம். இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காப் பக்கம் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். உலாவி வழி எடிட்டர்களைச் சோதித்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அந்த மாணவியின் விடை பாதியில் நின்றதை எடிட்டரின் பிழை என்று பதிவு செய்துவிடாதீர்கள். கணக்கு அநேகமாக இறுதிவரை ஓடியிருக்கும். நோட்புக் என்னும் ஆவணம், திறந்திருக்கும் உலாவியில்தான் உயிரோடு இருக்கிறது. நிரலை இயக்கும் கெர்னல் சர்வரில் ஓடி விடைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கி நோட்புக்கில் எழுத வேண்டிய உலாவி இல்லாத நேரத்தில் வந்த விடைகள் நோட்புக்கில் பதிவாவதில்லை. கெர்னலின் நினைவில் மாறிகள் அப்படியே இருப்பதால், திரும்பி வந்தவுடன் மறுபடியும் கணக்கைத் தொடங்காமல், மாறியின் மதிப்பை முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஓடக்கூடிய வேலையைத் தனி பைத்தான் கோப்பாக எழுதி, டெர்மினலில், இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும் டீமக்ஸ் அமர்வுக்குள் ஓடவிட்டு, முடிவுகளைக் கோப்பில் எழுதச் செய்வதே நான் நம்பும் வழி. உங்கள் மாணவர்களுக்குப் புதிய எடிட்டரால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்று கருதுகிறேன். நோட்புக்கும் கோப்பும் டெர்மினலும் ஒரே திரையில் இருப்பதால் இந்தப் பழக்கம் எளிதில் படியும்.

இணைப்பு அறுபடுவதை ஒரே சோதனையாகக் கருதக் கூடாது. கம்பியை ஒரு நிமிடம் பிடுங்கிச் செருகுவது, இருபது நிமிடம் கழித்துச் செருகுவது, மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் திறப்பது, உலாவித் தாளை மூடிவிட்டு வேறொரு கணினியில் திறப்பது, கைப்பேசி இணைப்பிலிருந்து கல்லூரி இணைப்புக்கு மாறுவது என ஒவ்வொன்றும் எடிட்டருக்கு வேறு வேறு நிகழ்ச்சி. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சேமிக்காத வரிகள் என்ன ஆயின? டெர்மினலில் ஓடிய வேலை என்ன ஆயிற்று? இணைப்பு இல்லை என்பதை எடிட்டர் எழுதுபவருக்குத் தெரிவித்ததா? மூன்றாவது கேள்விக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுப்பேன். வி.எஸ். கோட் உலாவியில் ஓடும்போது தானாகச் சேமிக்கும் வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். மேசைக்கணினிப் பதிப்பில் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். தானாகச் சேமிக்கிறது என்று பழகிவிட்ட மாணவர், இணைப்பு அறுந்த நிலையில் எழுதும் வரிகளும் சர்வரில் சேர்ந்துவிட்டன என்று நம்புவார். அந்த வரிகள் சர்வரைச் சென்றடைந்தனவா என்பதை எடிட்டரின் திரையில் பார்க்காமல், சர்வரிலுள்ள கோப்பை வேறு வழியில் படித்துப் பாருங்கள்.

சோதனையை எங்கிருந்து செய்கிறோம் என்பதும் முக்கியம். சர்வர் அறையிலிருந்து செய்யும் சோதனை உசிலம்பட்டி மாணவியின் அனுபவத்தைப் பற்றி எதையும் சொல்லாது. தினமும் அங்கே சென்று சோதிக்க இயலாது என்பதால், சர்வரில் லினக்ஸின் நெட்டெம் வசதியைக் கொண்டு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 200 மில்லிவினாடி தாமதத்தையும் நூற்றுக்கு ஒரு பொட்டல இழப்பையும் ஏற்படுத்திப் பாருங்கள். பின்னர் தாமதத்தை 500 ஆக உயர்த்துங்கள். எடிட்டரில் எழுத்து உடனே விழும், ஏனெனில் அது உலாவிக்குள்ளேயே நடக்கிறது. டெர்மினலில் ஒவ்வொரு விசையும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அங்கே தாமதம் முழுமையாகத் தெரியும். குரோம் உலாவியின் உள்ளேயே வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் 99ஆம் பதிப்புக்கு முன் அது, உலாவியும் சர்வரும் இடைவிடாமல் பேசும் இணைப்பான வெப்சாக்கெட்டைக் கட்டுப்படுத்தவில்லை. எடிட்டரின் உயிர்நாடியே வெப்சாக்கெட் என்பதால், பழைய உலாவி உள்ள கணினிகளில் அந்த வசதியை நம்பி முடிவு எழுத வேண்டாம்.

எடிட்டருக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் அதையும் பாருங்கள். வெப்சாக்கெட்டுக்குரிய தலைப்புகளை அனுப்பும்படி அதை நாம்தான் அமைக்க வேண்டும். மறுபுறத்திலிருந்து செய்தி வராமல் 60 வினாடிகள் கடந்தால் அது இயல்பாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். மாணவர்கள் சரியாக ஒரு நிமிடத்தில் அறுகிறது என்று சொன்னால், கைப்பேசி நிறுவனத்தைக் குறை கூறுவதற்கு முன் இந்த அமைப்பைப் பாருங்கள்.

தானியங்கிச் சோதனை எழுத விரும்பினால், உலாவியை நிரலால் இயக்கும் பிளேரைட் போதுமானது. ஆனால் இந்த எடிட்டர் சாதாரணப் படிவங்களைப் போன்றது அன்று. மொனாக்கோ என்னும் எடிட்டர் பகுதி, திரையில் தெரியும் வரிகளை மட்டுமே பக்கத்தில் உருவாக்குகிறது. 500ஆம் வரியில் இருக்கும் சொல்லைப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, கோப்பில் இல்லை என்று உங்கள் சோதனை தவறாக அறிவிக்கும். வெற்றிடங்களையும் அது பிரிக்க முடியாத வெற்றிடக் குறியாக மாற்றி வரைவதால், பக்கத்திலிருந்து எடுத்த வரியை அப்படியே ஒப்பிட்டால் பொருந்தாது. சோதனை நிரல் ஓர் அடைப்புக்குறியைத் தட்டியவுடன் எடிட்டர் மூடும் குறியைத் தானே போடும், அடுத்த வரியைத் தானே உள்தள்ளும், நாம் அனுப்பிய நிரல் வேறொன்றாகிவிடும். இவற்றில் நான் பல நாட்களை இழந்திருக்கிறேன். தானாக மூடுவதையும் உள்தள்ளுவதையும் சோதனைக் கணக்கில் அணைத்துவிடுங்கள். எதை எழுதினோம் என்பதைத் திரையிலிருந்து படிக்காமல், சேமித்த பின் சர்வரிலுள்ள கோப்பிலிருந்து படித்து ஒப்பிடுங்கள்.

குறுக்குவிசைகளில் கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் டி (T), கண்ட்ரோல் என் (N) ஆகியவற்றை உலாவி எடிட்டருக்குக் கொடுப்பதில்லை. குரோமில் எடிட்டரைச் செயலியாக நிறுவித் தனிச் சாளரத்தில் திறந்தால் அவை எடிட்டருக்கே வந்து சேரும். பயர்பாக்ஸில் கண்ட்ரோல் ஷிப்ட் பி (P) தனிப்பட்ட சாளரத்தைத் திறக்கும் என்பதால், கட்டளைப் பட்டியலுக்கு எஃப்1 விசையைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.


திருநகர் எழுதியது:

மேலே இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் சேர்ப்பது சிலவே.

கோட்-சர்வர், எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் நீட்டிப்புகளை மைக்ரோசாப்டின் சந்தையிலிருந்து எடுப்பதில்லை, எக்ளிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் தளத்திலிருந்து எடுக்கிறது. மைக்ரோசாப்ட் சந்தையின் விதிகள், அந்நிறுவனத்தின் சொந்த எடிட்டர்கள் அதைப் பயன்படுத்த மட்டுமே இடம் தருகின்றன. ஆகையால் வீட்டில் வி.எஸ். கோட் வைத்திருக்கும் மாணவர், பைத்தான் எழுத உதவும் பைலான்ஸ் நீட்டிப்பைத் தேடிக் கிடைக்காமல் திகைப்பார். பேஸ்ட்பைரைட் என்ற நீட்டிப்பு அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பும். எந்த எந்த நீட்டிப்பு வேண்டும் என்று முதலில் பட்டியலிட்டு, அவை அங்கே கிடைக்கின்றனவா என்று பார்ப்பதைச் சோதனையின் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

பிழை தேடும் வசதியை இரண்டு வரி நிரலில் சோதிக்காமல் உங்கள் அணைத் தரவிலேயே சோதியுங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 71ஐத் தாண்டும் வரியில் மட்டும் நிற்கும்படி நிபந்தனையுடன் ஒரு நிறுத்தப் புள்ளியை வையுங்கள். தாண்டும் வரி இருந்தால் அது பெரும்பாலும் மீட்டரையும் அடியையும் குழப்பியதாலோ, புள்ளி விடுபட்டதாலோ நேர்ந்த பதிவுப் பிழையாக இருக்கும். அப்படி ஒரு வரியில் எடிட்டர் நின்று, அந்த நாளின் தேதியைக் காட்டுமானால் வசதி வேலை செய்கிறது என்று தயங்காமல் எழுதலாம்.

நோட்புக்கிலும் டெர்மினலிலும் ஓடுவது ஒரே பைத்தானா என்று இரண்டிலும் இயங்கு கோப்பின் பாதையைக் கேட்டு ஒப்பிடுங்கள். பாண்டாஸ் நிறுவிவிட்டேன், ஆனால் இல்லை என்கிறது என்று வரும் புகார்களுக்கு நான் பார்த்த அளவில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்தது.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள தரவு அடைவை எடிட்டரில் திறக்கும்போது, கோப்பு மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வரக்கூடும். லினக்ஸில் ஒரு பயனர் எத்தனைக் கோப்புகளைக் கவனிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் அது 8192 மட்டுமே. வரம்பை உயர்த்துவதைக் காட்டிலும் தரவு அடைவைக் கவனிப்பிலிருந்து விலக்கி வைப்பது சர்வருக்கு நல்லது. கோட்-சர்வர் ஓடும் கணினிக்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகமும் இரண்டு சிபியுவும் வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. பாண்டாஸின் தேவை அதற்கு மேல். எனவே ஒரு மாணவரை வைத்துச் சோதித்த முடிவை வகுப்பு முழுவதற்கும் பெருக்கிக்கொள்ளாமல், ஒரு நாள் அனைவரையும் ஒரே நேரத்தில் உள்ளே வரச் செய்து நினைவகத்தைப் பாருங்கள்.

இந்த எடிட்டருக்குள் டெர்மினல் இருக்கிறது. அதைத் திறந்தவரிடம் சர்வரையே கொடுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு மாணவரின் கணக்கிலிருந்து மற்றவரின் கோப்பைப் படிக்க முடிகிறதா என்ற சோதனையை மட்டும் நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள்.


மாடக்குளம்வாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்தேன்.

எச்டிடிபிஎஸ் அமைத்த அன்றே வெறுமையாக இருந்த விடைப் பகுதிகள் நிரம்பின. நகலெடுப்பதும் ஒட்டுவதும் சரியாகிவிட்டன. முதல் முயற்சியில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனபோது, நீங்கள் எழுதியபடியே எடிட்டர் திறந்து விடை மட்டும் வராமல் இருந்தது. அதை முன்பே படித்திராவிட்டால் எச்டிடிபிஎஸ்ஸும் பயன்படவில்லை என்று முடிவு கட்டியிருப்பேன். உசிலம்பட்டி மாணவி இப்போது தன் கணக்கை டீமக்ஸில் ஓடவிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுகிறார். வீட்டுக்குச் சென்றபின் கோப்பைத் திறந்து முடிவைப் படிக்கிறார். இடையில் இணைப்பு எத்தனை முறை அறுந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

அறிக்கையின் வடிவத்தையும் மாற்றிவிட்டேன். முன்பு வசதியின் பெயரும் சரி என்ற குறியும் மட்டுமே இருந்தன. இப்போது ஒவ்வொரு வரியிலும் எந்தக் கணினி, எந்த உலாவி, எந்த முகவரி, எவ்வகை இணைப்பு, எதை எதிர்பார்த்தோம், எதைக் கண்டோம், சர்வரிலுள்ள கோப்பில் என்ன இருந்தது என்ற விவரங்கள் இருக்கின்றன. மாணவர்களின் கோப்புரிமைச் சோதனையை நானே செய்தேன். ஓர் அடைவு அனைவரும் படிக்கும்படி திறந்திருந்ததைக் கண்டு மூடினேன்.

இணைப்பில் சோழவந்தானும் கோச்சடையும் கொட்டாம்பட்டியும் வந்துவிட்டன. ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற நெடுவரிசையில் சௌராஷ்டிரம் என்பது ஒருமைப்படுத்திய பின்னும் இரண்டு தனித்தனிப் பிரிவுகளாக எண்ணப்படுகிறது. என்எஃப்சி இதைச் சரிசெய்யாதது ஏன்? ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமா?


தெப்பக்குளத் தெரு எழுதியது:

அம்மா, ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரத்தைப் போலவே இருப்பதால், பலர் ஒற்றைக் கொம்பைப் போட்டுவிட்டு ளகர எழுத்தையே தட்டச்சு செய்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் யூனிகோடின்படி அவை வேறு வேறு எழுத்துகள். ஆகையால் அவற்றை ஒருமைப்படுத்தும் உரிமை என்எஃப்சிக்கு இல்லை. அது எழுத்துப் பிழை, குறியாக்க வேறுபாடு அன்று.

ஒரே கட்டளையில் மாற்றவே கூடாது. எகரக் கொம்புக்குப் பின் ளகரம் வரும் சரியான சொற்கள் தமிழில் ஏராளம். உங்கள் பட்டியலிலேயே மேலூர்ப் பக்கத்து வெள்ளலூர் இருக்கும், குறிப்புகளில் வெள்ளம் என்ற சொல் நிச்சயம் இருக்கும். மொத்தமாக மாற்றினால் அவை அனைத்தும் சிதையும். எடிட்டரின் பக்கவாட்டுத் தேடல் பெட்டியில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் மட்டும் இட்டு அடைவு முழுவதிலும் தேடுங்கள். மெய்யில்லாத கொம்பு என்பதால் பெட்டியில் அது புள்ளிவட்டத்துடன் தெரியும், தேடல் அதனால் பாதிக்கப்படாது. கிடைக்கும் சொற்களை, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரும் பட்டியலாக எடுத்து, மாணவர்களில் தமிழ் எழுத்தில் கவனமுள்ள ஒருவரிடம் கொடுத்து, மாற்ற வேண்டியவற்றை மட்டும் அடையாளமிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வைத்து முழுச்சொல்லாகவே மாற்றுங்கள். பட்டியலையும் நிரலோடு கிட்டில் சேர்த்து வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு வேறு ஊர்களின் கண்மாய்கள் சேரும்போது அதே கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம்.